இரண்டு நூல் இடைவெளி

திண்டுக்கல் நாகல் நகரில் பவுல்ராஜின் பட்டறைக்குப் போக விலாசம் வேண்டியதில்லை. ஆட்டோக்காரரிடம் "தாள் விட்டுப் பார்ப்பாரே, அந்தப் பெட்டிக்காரர்" என்று சொன்னால் போதும், வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார். முப்பத்திரண்டு வருடமாக இரும்புப் பெட்டகம் செய்கிறார். நகைக்கடையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் அவர் கைபட்ட கதவுகள் எத்தனையோ பூட்டிக் கிடக்கின்றன.

காலையில் பட்டறையைத் திறந்ததும், சுவரில் தொங்கும் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அன்றைக்கு முடிகிற பெட்டியின் கதவைச் சாத்தி, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே அந்தத் தாளை நுழைத்துப் பார்ப்பார். நாலு பக்கத்தில் எங்காவது ஒரு இடத்தில் தாள் நுழைந்துவிட்டால் தீர்ந்தது. கதவைக் கழற்று, வெல்டிங் வைத்து நிரப்பு, அரத்தால் ராவு, மறுபடி மாட்டு. இருபது வருடமாக அவரோடு வேலை பார்க்கும் சுருளிவேல், "அண்ணே, நம்ம பெட்டிக்குள்ள திருடன் என்ன, காத்தே போகாதுண்ணே" என்பார். பவுல்ராஜ் அதற்குச் சிரித்ததில்லை. கேலி என்று அவருக்குத் தோன்றினால்தானே சிரிப்பதற்கு!

வீட்டிலும் மனிதர் அப்படித்தான். ஆறு வருடத்துக்கு முன் மகள் டெய்சி ராமநாதபுரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் போனாள். காலில் திருக்கை மீனின் முள் ஏறி அங்கே வந்து சேர்ந்த ராயப்பன் என்கிற மீனவனுக்குக் கட்டுப் போட்டாள், பிறகு அவனையே கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். பவுல்ராஜ் ஒற்றைக் காலில் நின்றார். இவர்களும் கிறிஸ்தவர்கள், அவர்களும் கிறிஸ்தவர்கள். அதே பூசை, அதே மாதா. ஆனாலும் கடற்கரையில் பெண் கொடுத்துப் பழக்கமில்லையாம். கல்யாணம் கடலோரத்துக் கோயிலில் நடந்தது. பெண்ணின் தகப்பன் அன்றைக்கு எரியோடு ஊர்க்காரர் ஒருவருக்குப் பெட்டிக்கதவு ராவிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மகளோடு பேச்சில்லை. அவர் மனைவி வியாகுலம்மாள் மட்டும் அடுப்படியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் மகளோடு போனில் பேசுவாள். அவர் கேட்காத மாதிரி இருந்துகொள்வார்.

போன ஆடியில் வியாகுலம்மாளுக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் நடந்தது. டெய்சி யாரையும் கேட்காமல் புருஷனோடு வந்து இறங்கிவிட்டாள். பத்து நாள் இருந்தார்கள். பெண்கள் இருவரும் ஆஸ்பத்திரியில். வீட்டில் மாமனாரும் மருமகனும். என்ன பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. மூன்றாம் நாள் பவுல்ராஜே, "பட்டறைக்கு வாறீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார். மாப்பிள்ளை என்ற சொல் ஆறு வருடம் கழித்து அன்றைக்குத்தான் அவர் வாயில் வந்தது.

ராயப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து தகடு வெட்டுவதை வெகுநேரம் பார்த்தான். பிறகு மெல்ல ஆரம்பித்தான்.

"எங்க படகுல இன்ஜின் கெடையாது மாமா. எனக்கும் எங்க அண்ணனுக்கும் பொதுவா ஒரு பாய்ப்படகுதான். அதுக்கு நடுவுல ஒரு பலகை எறங்கும். மரப்பலகை, இப்ப வெடிச்சுப் போச்சு. இரும்புல ஒண்ணு செஞ்சு குடுப்பீங்களா?"

குடத்துக்குத் தண்ணீர் வரும் நாளை எண்ணிக்கொண்டு வாழ்கிற ஊர். அங்கே உட்கார்ந்துகொண்டு படகுக்குச் சாமான் செய்வதா? பவுல்ராஜுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. "பலகை எதுக்கு?" என்றார்.

"காத்து பின்னால இருந்தே அடிச்சா பலகை வேண்டியதில்ல. பக்கத்துல இருந்து அடிக்கயிலதான் சோலி. பாயில காத்து விழுந்ததும் படகு முன்னாடியும் போகப் பாக்கும், பக்கவாட்டுலயும் நழுவப் பாக்கும். வயித்துக்கு அடியில பலகை எறங்கி நின்னா, பக்கத்துல நழுவ விடாது."

"ஒத்தப் பலகையா அம்புட்டுப் படகையும் புடிச்சு நிறுத்தும்?"

ராயப்பன் எழுந்து கழிவுத் தகரத் துண்டு ஒன்றை எடுத்து, இரும்பு குளிரவைக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் அதை நிற்கவைத்தாற்போல் இறக்கினான். "விளிம்புப் பக்கமா இழுங்க மாமா." பவுல்ராஜ் இழுத்தார். கத்தி மாதிரி போனது. "இப்ப அகலப் பக்கமாத் தள்ளுங்க." தள்ளினார். தொட்டித் தண்ணீர் முழுவதும் எதிர்த்து நின்றது, தோள்பட்டை வரைக்கும் அந்த எதிர்ப்பு தெரிந்தது. மறுபடியும் இழுத்தார், மறுபடியும் தள்ளினார். சுருளிவேல் வெல்டிங்கை நிறுத்திவிட்டு வந்து தானும் ஒரு தடவை தள்ளிப் பார்த்தார்.

"சரி, பக்கத்துல போகாது. முன்னாடி எப்படிப் போகுது?" என்றார் பவுல்ராஜ். அவருக்கு ஒன்று விளங்காவிட்டால் விடமாட்டார்.

"ஈரப் புளியங்கொட்டைய ரெண்டு வெரலுக்கு நடுவுல வச்சு நசுக்கினா வழுக்கி முன்னாடி பாயும்ல? பாயில அடிக்கிற காத்து ஒரு வெரலு. பலகையில முட்டுற தண்ணி ஒரு வெரலு. நடுவுல மாட்டின கொட்டைதான் படகு."

பெரிய பாய்க்கப்பல்களில் பலகைக்குப் பதில் அடியிலேயே கனமான தண்டு ஒன்றை நிலையாகக் கட்டியிருப்பார்கள் என்றும், அந்தக் கனம் கப்பல் சாய்ந்து விழாமலும் பார்த்துக்கொள்ளும் என்றும் ராயப்பன் சொன்னான். அவர்கள் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது. பல இடங்களில் இடுப்பளவுதான். நிலையாகக் கட்டினால் தரை தட்டிவிடும். அதனால்தான் ஏற்றி இறக்குகிற பலகை. படகின் நடுவே ஒல்லியான உறை ஒன்று இருக்கும். அதற்குள் பலகை ஓர் ஆணியில் தொங்கும். கயிற்றை இழுத்தால் உறைக்குள் ஏறிக்கொள்ளும், விட்டால் தன் கனத்தில் தானே தண்ணீருக்குள் இறங்கும்.

ராயப்பன் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் பலகையையும் உறையையும் வரைந்தான். "உறையும் இரும்புலயே இருக்கட்டும். ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு நூல் எடைவெளி விடுங்க மாமா" என்றான். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் பட்டறையில் நூல் என்பார்கள். இரண்டு நூல் என்றால் கால் அங்குலம்.

பவுல்ராஜ் முகத்தைச் சுளித்தார். "அம்புட்டு விட்டா லொட லொடன்னு ஆடுமே?"

"ஆடட்டும் மாமா. உள்ள மணல் வரும், சிப்பி வரும், துரு ஏறும். வந்தது வந்த வழியே வெளிய போகணும்."

அவர் தலையை ஆட்டினார். காது கேட்டது, தலை ஆடியது, எல்லாம் சரிதான். கைதான் கேட்கவில்லை.

மகளுக்குக் கல்யாணச் சீராக ஒரு பீரோகூடச் செய்து கொடுக்காதவர் அவர். திண்டுக்கல்லில் பாதி வீடுகளில் அவர் வேலை நிற்கிறது, சொந்த மகள் வீட்டில் ஓர் ஆணிகூட இல்லை. இதுதான் முதல் சாமான். அது லொட லொட என்று ஆடிக்கொண்டா போய்ச் சேருவது? பன்னிரண்டு நாள் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்து ராவினார்.

சுருளிவேல் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, மாப்பிள்ளை ரெண்டு நூல் சொன்னாரே" என்றார்.

"சொன்னாரு. அவருக்கு மீனத் தெரியும், எனக்கு இரும்பத் தெரியும்."

முடிந்த அன்று காலண்டர் தாளைப் பலகைக்கும் உறைக்கும் நடுவே விட்டுப் பார்த்தார். நுழையவில்லை. எண்ணெய் விட்டுக் கயிற்றைத் தளர்த்தினார். பலகை சத்தமே இல்லாமல் வழுக்கி இறங்கியது. அப்படியொரு இறக்கம்! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாரம் இரண்டு தடவை கடலோரத்திலிருந்து திண்டுக்கல் சந்தைக்குக் கருவாடு ஏற்றி வரும் அஜித்தின் வேனில் அதைச் சாக்குச் சுற்றி அனுப்பிவைத்தார். டெய்சி போனில், "அப்பா, இவரு பாத்துட்டு ஒரு மணி நேரமாத் தடவிக் குடுத்துக்கிட்டே இருக்காருப்பா" என்றாள். அன்றைக்கு வியாகுலம்மாள் குழாயைத் திறக்காமலே பேசினாள்.

ஐப்பசியில் ஒருநாள் ராயப்பன் கூப்பிட்டான். "பலகை லேசாப் புடிக்குது மாமா."

"புதுசுல அப்படித்தான் இருக்கும் மாப்பிள்ளை. கிரீஸ் வைங்க, பழகிரும்." பெட்டி வாங்கியவர்கள் யார் கேட்டாலும் அவர் சொல்கிற பதில்தான் அது. சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

அதற்கு மூன்றாம் வாரம் ராயப்பனின் அண்ணன் மிக்கேல் இறந்துபோனார்.

சேதி இப்படி வந்தது. அண்ணன் தம்பி இருவரும் வலையை இழுக்கப் பலகையை ஏற்றியிருக்கிறார்கள். அந்த நேரம் வாடைக்காற்று திடீரென்று வலுத்துக் கரையைப் பார்த்துத் தள்ளியிருக்கிறது. பாயை விரித்தும் படகு முன்னால் போகவில்லை. பக்கவாட்டில் நழுவி நழுவி, அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீளமாகக் கல் கொட்டியிருக்கிற இடத்தில் போய் மோதிவிட்டது. கல்லுக்கும் படகுக்கும் நடுவே மிக்கேல் மாட்டிக்கொண்டார். ராயப்பன் நெற்றிக் காயத்தோடு கரையேறினான். விசாரித்தவர்களிடம் ஒரே பதில்தான் சொன்னான்: "பலகைய எறக்க மறந்துட்டேன்."

கடலில் பிறந்து வளர்ந்தவன் பலகையை இறக்க மறப்பதா? ஊர் அதை மன்னிக்கவில்லை. அடக்கத்துக்குப் போன பவுல்ராஜும் வியாகுலம்மாளும் அதைக் கண்ணால் பார்த்தார்கள். மிக்கேலின் மனைவி சவேரியம்மாள் பவுல்ராஜின் கையைப் பிடித்து, "அப்பா, பாத்தீங்களாப்பா" என்று அழுதாள். ராயப்பன் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. வேறு எந்தப் படகிலும் அவனை ஏற்றவில்லை என்று டெய்சி பிறகு சொன்னாள். பவுல்ராஜுக்கும் உள்ளூரக் கோபம்தான். இவ்வளவு கருத்தாகப் பேசுகிற பிள்ளை, இந்த நேரத்தில் போய் மறக்கலாமா என்று பஸ்ஸில் திரும்பும்போது மனைவியிடம் முணுமுணுத்தார்.

கார்த்திகை நடுவில் அஜித்தின் வேன் பட்டறை வாசலில் வந்து நின்றது. படகை உடைத்து மரத்தைப் பிரித்துவிட்டார்களாம். நடுவில் இருந்த இரும்பைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது என்று டெய்சி அதை ஏற்றிவிட்டிருந்தாள். ராயப்பன் அப்போது வீட்டில் இல்லை.

பவுல்ராஜ் சாக்கைப் பிரித்தார். பலகை இன்னும் உறைக்குள்தான் இருந்தது. மேல் விளிம்பைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பெட்டக வேலை பார்ப்பவனுக்குக் கீறலைப் படிக்கத் தெரியும். திருடு போன வீட்டுக்குக் கூப்பிட்டால் பூட்டைப் பார்த்தே உளி எந்தப் பக்கம் விழுந்தது, அடித்தவன் அவசரத்தில் அடித்தானா நிதானமாக அடித்தானா என்று சொல்லிவிடுவார். இங்கே பலகையின் மேல் விளிம்பு முழுவதும் அடி. சுத்தியல் அடி இல்லை, நங்கூரக் கல் மாதிரி ஏதோ கனமானதைக் கொண்டு அடித்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பதினைந்து அடி. கடைசி அடிகள் குறி தவறி உறையின் மேல் விழுந்திருந்தன. பயந்துபோன கை அடித்த அடி அது.

மறந்தவன் அடிப்பானா?

அவரும் சுருளிவேலும் சேர்ந்து ஆணியைக் கழற்றினார்கள். பலகை வரவில்லை. வைஸ் இடுக்கியில் பிடித்து நெம்பி உருவியபோது இரண்டு பக்கத்திலும் ஒட்டிக்கொண்டு வந்தது, கிரீஸும் மணலும் துருவும் கலந்து அரைத்த துவையல் மாதிரி ஒரு பசை. அவர் வைக்கச் சொன்ன கிரீஸ். மணலைப் பிடித்து வைத்துக்கொண்டதே அதுதான். ரெண்டு நூல் விட்டிருந்தால் கிரீஸே வேண்டியிருக்காது. மணல் வந்த வழியே போயிருக்கும், கயிற்றை விட்டதும் பலகை சடாரென்று இறங்கியிருக்கும், படகு கல்லை விட்டு விலகிப் போயிருக்கும்.

சுருளிவேல் கந்தல் துணியை எடுத்து அந்தப் பசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

ராயப்பனுக்குப் போன் போட்டார். பலகை பட்டறைக்கு வந்துவிட்டதையும், அதிலிருந்த அடிகளையும் சொன்னார்.

"ஏன் மாப்பிள்ளை மறந்துட்டேன்னு சொன்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்லச் சொல்றீங்க? டெய்சிக்கு இப்பத்தான் அப்பா கெடச்சிருக்காரு. எங்க அண்ணன் திரும்பி வரப் போறாரா? விட்டுருங்க மாமா. என்னோட போகட்டும்."

அவன் பாட்டுக்குப் போனை வைத்துவிட்டான். பவுல்ராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவன் உட்கார்ந்த அதே ஸ்டூல். இந்த இரும்பைக் கேஸ் கட்டர் வைத்து நாலு துண்டாக வெட்டிக் காயலான் கடையில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணுவாள். "அப்பா" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காக ஆறு வருடம் உள்ளே காய்ந்து கிடந்தவர் அவர், வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும். உண்மையைச் சொன்னால் அந்தச் சொல் போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு நல்ல பிள்ளை அண்ணனைக் கொன்றவன் என்ற பெயரோடு கரையிலேயே உட்கார்ந்து சாக வேண்டும். பயமாகத்தான் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் மனிதர் அப்படிப் பயந்ததில்லை.

வியாகுலம்மாளிடம் சொன்னார். அவள் அழுது முடித்துவிட்டு, "எப்பப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

முப்பதாம் நாள் பூசைக்கு அஜித்தின் வேனிலேயே, கருவாட்டு வாடையில், பலகையோடும் உறையோடும் போய் இறங்கினார். பூசை முடிந்து சவேரியம்மாள் வீட்டு முன்னால் பந்தலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ராயப்பன் பந்தலுக்கு வெளியே, தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றிருந்தான். பலகையைப் பார்த்ததும் ஓடிவந்து, "மாமா, வேணாம்" என்று கையைப் பிடித்தான். பவுல்ராஜ் கையை விடுவித்துக்கொண்டார்.

பந்தலின் நடுவே உறையை நிற்கவைத்து, பலகையை உள்ளே இறக்கினார். பசையைத் துடைத்ததோடு சரி, வேறு ஒரு வேலையும் அதில் செய்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அன்றைய காலண்டர் தாளை எடுத்து இடுக்கில் விட்டார். நுழையவில்லை. எல்லோரும் பார்க்க நாலு இடத்தில் விட்டுக் காட்டினார்.

"இதச் செஞ்சவன் நான். ரெண்டு நூல் எடைவெளி விடச் சொல்லி மாப்பிள்ளை தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. என் வேலை ஆடக் கூடாதுன்னு நான் விடல. புடிக்குதுன்னு போன் பண்ணப்பவும் கிரீஸ் வைன்னு சொன்னேன். மணல் அடைச்சுப் போச்சு. இந்தா, மேல அடிச்ச அடியப் பாருங்க. மறந்தவன் இப்படி அடிக்க மாட்டான். அவரு மறக்கல. எம்மேல பழி வரக் கூடாதுன்னு பொய் சொல்லியிருக்காரு."

இலைகளின் முன்னால் கைகள் அப்படியே நின்றன. வயதான மீனவர் ஒருவர் எழுந்து வந்து, குனிந்து, அந்த அடித்தடங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ராயப்பன் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

சவேரியம்மாள் கதவோரத்திலிருந்து வந்தாள். பலகையைப் பார்க்கவில்லை, பவுல்ராஜைத்தான் பார்த்தாள்.

"ரெண்டு நூலுன்னா எம்புட்டு?"

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, கொஞ்சமாக விலக்கிக் காட்டினார்.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

அவள் திரும்பி நடந்துபோய் ராயப்பனின் கையைப் பிடித்து இழுத்துவந்து பந்தலில் உட்காரவைத்து, இலை போட்டு, தானே சோறு வைத்தாள். அவன் இலையின்மேல் குனிந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். பவுல்ராஜை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றார். டெய்சி வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்.

கிறிஸ்மஸுக்கு மகளிடமிருந்து அவருக்குப் போன் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. வியாகுலம்மாள் மறுபடியும் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். பவுல்ராஜ் பெட்டி செய்தார், தாள் விட்டுப் பார்த்தார், நுழையாவிட்டால் முன்னைப்போல நிமிரவில்லை, அவ்வளவுதான். ராயப்பன் வேறொரு படகில் போகிறான், ஊர்க்காரர்களே கூப்பிட்டுக்கொண்டார்கள் என்று அஜித் சொன்னான். அதைக் கேட்டபோது மட்டும் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பட்டறையில் போன் அடித்தது. டெய்சி.

"அப்பா, புதுப் படகு கட்டுறோம். பலகைக்கு இங்கயே ஆள் பாத்தோம். சவேரி அக்காதான் வேணாம்னுட்டாங்க. உங்ககிட்டயே சொல்லச் சொன்னாங்க." அவள் மேலும் சொன்னாள்: "எடைவெளி எம்புட்டு விடணும்னு இனிமே உங்களுக்குத்தான் மறக்காதுன்னாங்க."

அவர் போனைச் சுருளிவேலிடம் நீட்டிவிட்டு, சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தரையில் குனிந்தார். சுருளிவேல்தான் போனை வாங்கிப் பதில் சொன்னார்.

ஒன்பதாம் நாள் வேலை முடிந்தது. பவுல்ராஜ் இரண்டு நூல் கனமுள்ள தகட்டுத் துண்டு ஒன்றைப் பலகைக்கும் உறைக்கும் நடுவே விட்டார். அது தாராளமாகப் போய் வந்தது. இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு ஒரு கை மணலை அள்ளி உள்ளே போட்டு, கயிற்றை விட்டார். பலகை சடாரென்று விழுந்தது, மணல் கீழே தரையில் கொட்டியது. உறையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். லொட லொட என்று அது போட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

"ரொம்ப ஆடுதேண்ணே" என்றார் சுருளிவேல்.

"ஆடட்டும்" என்றார் பவுல்ராஜ்.